ஊதினே மாகாணத்தின் வரலாற்று நகரங்கள்

ஊதினே மாகாணம் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஃபிரியூலி-வெனேசியா ஜூலியா என்னும் பிரதேசத்தில் அமைந்துள்ள எல்லைப்புற மாகாணமாகும். இதன் வடக்கே ஆஸ்திரியாவும், கிழக்கே சுலோவீனியாவும், தெற்கே ஏட்ரியாட்டிக் கடலும் உள்ளன. பரப்பளவு 5,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சம். மாகாண நிருவாக அமைப்பு 2018 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. ஆயினும் பெயரும் நிலப்பகுதியும் அவ்வாறே வழங்கிவருகின்றன. இத்தாலிய மொழியுடன் ஃபிரியூலிய மொழியும், கிழக்குப் பள்ளத்தாக்குகளில் சுலோவீனிய மொழியும், மலைக் கிராமங்கள் சிலவற்றில் செருமானியக் கிளைமொழிகளும் இங்கே பேசப்படுகின்றன.

வெனிசுக்கும் திரியெஸ்தேக்கும் செல்லும் பயணிகள் பெரும்பாலும் இம்மாகாணத்தில் இறங்காமலே கடந்துவிடுகின்றனர். ஆனால் அக்குயிலேயா, சிவிதாலே, பால்மனோவா என்னும் இதன் மூன்று சிறு நகரங்கள் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களங்களில் இடம்பெற்றவை.

எல்லையும் வரலாறும்

இத்தாலியின் வடக்கு எல்லை முழுவதும் ஆல்ப்சு மலைத்தொடர் உயர்ந்த மதிலைப்போல் நிற்கிறது. கிழக்கு முனையில் மட்டும் அம்மதில் தாழ்ந்து, படைகளும் வண்டிகளும் எளிதில் கடக்கக்கூடிய கணவாய்களாக மாறுகிறது. ஆகையால் கிழக்கிலிருந்து இத்தாலிக்குள் நுழைந்தோர் பெரும்பாலும் இவ்வழியாகவே வந்தனர். ஊணர், லாங்கோபார்டுகள், ஆவார்கள், மகியார்கள், துருக்கியர் ஆகியோர் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இச்சமவெளியை மிதித்தவர்களே. இங்குள்ள நகரங்கள் இவ்வழியைக் காக்கவோ, இவ்வழியே வாணிகம் செய்யவோ எழுந்தவை. இவ்வழியே வந்தவர்களால் அழிந்தவையும் உண்டு.

அக்குயிலேயா

இந்நகரை உரோமர்கள் கி.மு. 181 இல் ஒரு குடியேற்றமாக நிறுவினர். முதலில் படைத்தளமாக இருந்த இது, ஆற்றுத் துறைமுகத்தின் உதவியால் விரைவில் வாணிக நகரமாயிற்று. பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த அம்பர் என்னும் மரப்பிசின் கல் இங்கே நகைகளாக இழைக்கப்பட்டது. கண்ணாடித் தொழிலும் சிறந்து விளங்கியது. பேரரசின் மிகப்பெரிய, மிகச் செல்வம் வாய்ந்த நகரங்களுள் ஒன்றாக இருந்த அக்குயிலேயாவை 452 இல் அட்டிலாவின் தலைமையில் ஊணர் அழித்தனர். மக்களில் பலர் கடற்கழித் தீவுகளுக்கு ஓடினர்.

அழிவே இந்நகருக்கு ஒரு வகையில் காவலாகவும் அமைந்தது எனலாம். மீண்டும் பெருநகரம் எழாமையால், உரோம நகரின் பெரும்பகுதி இன்னும் அகழப்படாமல் வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. இன்றைய அக்குயிலேயாவின் மக்கள்தொகை சில ஆயிரம் மட்டுமே.

இங்கே முதன்மையாகக் காணவேண்டியது பேராலயத்தின் தரையாகும். 4 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறித்தவ சமயத்துக்கு வழிபாட்டு உரிமை கிடைத்த சில ஆண்டுகளுக்குள், ஆயர் தியோடோர் அமைத்த நிறக்கல் பதிப்பு ஓவியம் இது. ஏறத்தாழ 760 சதுர மீட்டர் பரப்புள்ள இது, மேற்கு ஐரோப்பாவில் எஞ்சியுள்ள தொடக்ககாலக் கிறித்தவத் தரை ஓவியங்களுள் மிகப்பெரியதாகக் கருதப்படுகிறது. மீன்கள் நிறைந்த கடலில் இறைவாக்கினர் யோனாவை விழுங்கும் பெருமீன், ஆமையுடன் சண்டையிடும் சேவல், காணிக்கை அளித்தவர்களின் முகங்கள் ஆகியவை இதில் உள்ளன. இன்று காணப்படும் பேராலயத்தை 1031 இல் திருநிலைப்படுத்திய பொப்போ என்பவரின் காலத்தில் இவ்வோவியம் புதிய தளத்துக்கு அடியில் மறைந்தது. 1909 இல்தான் அது மீண்டும் வெளிப்படலாயிற்று. அப்போது அக்குயிலேயா இத்தாலியில் இல்லை. ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசில் இருந்தது. இன்று பார்வையாளர்கள் கண்ணாடி நடைபாதைகளின்மேல் நடந்து இதனைக் காணலாம். அருகே 73 மீட்டர் உயரமுள்ள மணிக்கோபுரமும் உண்டு.

இப்பேராலயம் இத்தாலியர்களுக்கு வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. முதல் உலகப்போரில் பெயர் தெரியாமல் இறந்த வீரர்களின் 11 சவப்பெட்டிகள் 1921 அக்டோபர் 28 அன்று இங்கே வைக்கப்பட்டன. போரில் மகனை இழந்து அவன் உடலையும் காணாத மரியா பெர்காமாசு என்னும் தாய் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய மகன் ஆஸ்திரியப் படையிலிருந்து தப்பி வந்து இத்தாலியின் பக்கம் போரிட்டவர். தேர்ந்தெடுக்கப்பட்ட பெட்டி தொடருந்தில் உரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. எஞ்சிய பத்துப் பேரும் பேராலயத்தின் பின்புறமுள்ள கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். பேராலயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் இக்கல்லறையைத் தவறவிடுகின்றனர்.

சிவிதாலே தெல் ஃபிரியூலி

நத்தீசோனே ஆற்றின் கரையிலுள்ள இந்நகரின் உரோமப் பெயர் 'ஃபோரும் யூலீ', அதாவது யூலியுசின் சந்தை. யூலியுசு சீசரின் பெயரால் ஏற்பட்ட இச்சொல்லே திரிந்து 'ஃபிரியூலி' என நாட்டின் பெயராயிற்று. 568 இல் இத்தாலிக்குள் நுழைந்த லாங்கோபார்டுகள் தங்கள் முதல் சிற்றரசை இங்கேதான் அமைத்தனர். அவர்களின் வரலாற்றை எழுதிய பவுல் தியாக்கோன் இவ்வூரில் பிறந்தவர்.

ஆற்றின்மேல் தொங்குவதுபோல் அமைந்துள்ள 'லாங்கோபார்டுச் சிறு கோயில்' 8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் உட்சுவரில் ஏறக்குறைய ஆளுயரமுள்ள ஆறு பெண் உருவங்கள் சுதையில் வடிக்கப்பட்டு நிற்கின்றன. 1,200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுதை வேலை, நிலநடுக்கங்கள் மிகுந்த ஒரு நிலத்தில், இந்த அளவில் எஞ்சியிருப்பது வியப்புக்குரியது. லாங்கோபார்டுகள் நாகரிகமற்ற கூட்டத்தினர் என்ற பழைய கருத்தை மறுப்பதற்கு இந்த ஒரு சுவரே போதும். நகரின் கிறித்தவ அருங்காட்சியகத்திலுள்ள இராட்கிசின் பலிபீடமும் அதே நூற்றாண்டினது.

அக்குயிலேயாவின் ஆயர்கள் 'மறைமுதுவர்' என்னும் உயர் பட்டம் உடையவர்கள். அவர்களது இருக்கை 737 இல் சிவிதாலேக்கு மாறியது. 1077 இல் பேரரசர் நான்காம் என்றி அவர்களுக்கு ஃபிரியூலியின் ஆட்சியையும் வழங்கினார். மத்திய காலத்தில் மறைமுதுவர்கள் வாளும் ஏந்திய அரசர்களாகவே விளங்கினர். ஆண்டுதோறும் சனவரி 6 அன்று இங்கே நடைபெறும் வழிபாட்டில், இறகு சூடிய தலைக்கவசம் அணிந்த ஒருவர் வாளை உயர்த்தி மக்களுக்கு வாழ்த்துக் கூறும் வழக்கம் அதன் எச்சமாகும்.

ஆற்றைக் கடக்கும் பாலத்துக்குச் 'சாத்தான் பாலம்' என்று பெயர். முதலில் கடக்கும் உயிரைத் தரவேண்டும் என்ற நிபந்தனையில் சாத்தான் கட்டித்தந்ததாகவும், ஊரார் ஒரு விலங்கை முதலில் அனுப்பி ஏமாற்றியதாகவும் கதை வழங்குகிறது. 1917 அக்டோபரில் கப்போரெத்தோ போரில் தோற்றுப் பின்வாங்கிய இத்தாலியப் படை இப்பாலத்தைத் தகர்த்தது. அடுத்த ஆண்டிலேயே அது மீண்டும் கட்டப்பட்டது.

ஊதினே நகரம்

மறைமுதுவரின் இருக்கை 1238 இல் ஊதினேக்கு மாறியது. 1420 இல் வெனிசுக் குடியரசு ஃபிரியூலியைக் கைப்பற்றியது. இதனால் நகரின் நடுவிலுள்ள விடுதலைச் சதுக்கம் வெனிசின் சதுக்கமொன்றைப் பெயர்த்து வைத்ததுபோல் தோன்றுகிறது. 1527 ஆம் ஆண்டின் மணிக்கூண்டும் இங்கேதான் உள்ளது. ஆயர் மாளிகையில் ஓவியர் தியேபொலோ 1726 முதல் தீட்டிய சுவரோவியங்கள் அவரது இளமைக்காலப் பணிகளுள் சிறந்தவை.

சதுக்கத்துக்கு மேலே சமவெளியில் தனித்து எழும் குன்றும் அதன்மேல் அரண்மனையும் உள்ளன. எரியும் அக்குயிலேயாவைக் கண்டு களிப்பதற்காக அட்டிலாவின் வீரர்கள் தலைக்கவசங்களில் மண் அள்ளிக் கொட்டி எழுப்பிய மேடு இது என்பது பழைய கதை. கற்றோர் பலர் இதைக் கேட்டு நகைத்தனர். ஆனால் அண்மையில் குன்றைத் துளையிட்டு ஆராய்ந்த புவியியலாளர்கள் அது உண்மையிலேயே மனிதர் எழுப்பிய மேடு என்று கண்டறிந்தனர். எழுப்பியவர்கள் ஊணர் அல்லர். அட்டிலாவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட வெண்கலக் கால மக்கள்.

பால்மனோவா

துருக்கியரின் படையெடுப்புகளையும் ஆஸ்திரியாவின் அண்மையையும் அஞ்சிய வெனிசு, 1593 அக்டோபர் 7 அன்று இக்கோட்டை நகருக்கு அடிக்கல் நாட்டியது. மேலிருந்து நோக்கினால் ஒன்பது முனைகளுடைய விண்மீன் வடிவில் தோன்றும். நடுவே அறுகோணச் சதுக்கமும், அகழியைக் கடந்து நுழைய மூன்று வாயில்களும் உள்ளன. வெளிப்புற அரண்வரிசை நெப்போலியன் காலத்தில் சேர்க்கப்பட்டது. விண்மீன் வடிவம் அழகுக்காக அன்று. பீரங்கி வந்தபின் உயரமான நேர்மதில்கள் பயனற்றுப் போயின. ஒவ்வொரு முனையிலிருந்தும் அடுத்த முனையின் அடிவரை சுடக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அமைப்பின் நோக்கம்.

நகரம் அமைந்தபோதிலும் குடியேற மக்கள் முன்வரவில்லை. எனவே 1622 இல் குற்றவாளிகளுக்கு மன்னிப்பும் மனையும் வழங்கிக் குடியேற்ற வெனிசு முயன்றது. எதிர்பார்த்த துருக்கியர் இக்கோட்டையைத் தாக்க வரவேயில்லை. 1797 இல் வெனிசுக் குடியரசே இம்மாகாணத்துக் காம்போஃபோர்மியோ சிற்றூரின் பெயரால் வழங்கும் உடன்படிக்கையில் நெப்போலியனால் ஆஸ்திரியாவுக்குக் கைமாற்றப்பட்டது.

வென்சோனேயும் ஜெமோனாவும்

வடக்கே மலைகள் தொடங்கும் இடத்தில் இவ்விரு ஊர்களும் உள்ளன. 1976 மே 6 இரவு 9 மணியளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஃபிரியூலியில் ஏறத்தாழ 990 பேர் இறந்தனர். செப்டம்பரில் வந்த அதிர்வுகள் எஞ்சியிருந்தவற்றையும் வீழ்த்தின. வென்சோனேயின் 14 ஆம் நூற்றாண்டுப் பேராலயமும் அவ்வாறு வீழ்ந்ததே.

இடிபாடுகளை அகற்றிவிட்டு வேறிடத்தில் புதிய ஊர் கட்டுவதா, இருந்த இடத்தில் இருந்தவாறே கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. வென்சோனே மக்கள் இரண்டாவதையே வேண்டினர். பேராலயத்தின் ஆயிரக்கணக்கான கற்கள் திறந்தவெளியில் பரப்பப்பட்டு, பழைய ஒளிப்படங்களுடன் ஒப்பிட்டு அடையாளம் காணப்பட்டு, தத்தம் இடத்திலேயே வைக்கப்பட்டன. 1995 இல் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. சுவர்களில் ஓவியங்கள் துண்டுதுண்டாக நிற்பதும், புதிய கல்லுக்கும் பழைய கல்லுக்கும் உள்ள வேறுபாடும் மறைக்கப்படவில்லை. ஜெமோனா பேராலய முகப்பில் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமுள்ள புனித கிறிஸ்டோபர் சிலை உள்ளது. அதன் உட்தூண்கள் சில இன்றும் சாய்ந்தே நிற்கின்றன.

சுற்றிப் பார்த்தல்

ஊதினே நகரைத் தங்குமிடமாகக் கொள்வது வசதியானது. சிவிதாலேக்குத் தொடருந்தில் ஏறத்தாழ 20 நிமிடங்களில் செல்லலாம். வென்சோனே, ஜெமோனா ஆகியவை ஆஸ்திரியா செல்லும் வடக்கு இருப்புப்பாதையில் உள்ளன. பால்மனோவாவும் அக்குயிலேயாவும் தெற்கே ஒரே நெடுஞ்சாலையில் அமைந்திருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் காணலாம். அக்குயிலேயாவுக்குத் தொடருந்து நிலையம் இல்லை. செர்விஞ்ஞானோவில் இறங்கிப் பேருந்தில் செல்லவேண்டும். 2007 டிசம்பரில் சுலோவீனியா செங்கன் ஒப்பந்தப் பகுதியில் இணைந்தபோது எல்லைச் சோதனை நீக்கப்பட்டது. ஆனால் 2023 அக்டோபரில் இத்தாலி அதனை மீண்டும் தொடங்கியது. எனவே சிவிதாலேயிலிருந்து மலைகளைக் கடந்து கப்போரெத்தோ போர்க்களத்தைக் காணச் செல்வோர் கடவுச்சீட்டை உடன் கொண்டுசெல்லுதல் நன்று.