உங்களுக்குத் தெரியுமா? தரவு வேலையும் சம்பள இடைவெளியும்

தரவு அலசும் வேலையில் ஆண், பெண் சம்பளப் பேச்சு கணினிக்கும் முந்தியது. ஹார்வர்டு வானாய்வகத்தில் 1881 முதல் நட்சத்திரங்களின் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தவர் வில்லியமினா ஃபிளெமிங். அதன் இயக்குநர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். பின்னாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை வகைப்படுத்தினார். தனக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், ஆண் உதவியாளர் சிலருக்கு 2,500 டாலர் என்று 1900இல் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதினார். அந்த வேதனை நியாயமானது.

நம் நாட்டில் 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்குப் பாலினம் பார்த்துச் சம்பளம் குறைக்கக் கூடாது. ஆனால் வேலையின் பெயரை மாற்றினால்? தேசியத் தொழில் வகைப்பாடு 2015இல் புள்ளியியலாளர் 2இல் தொடங்கும் குறியீட்டில், அதாவது நிபுணர் பிரிவில் வருகிறார். டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் 4இல், எழுத்தர் பிரிவில். ஆந்திரத்தின் நகரி, ஏகாம்பரகுப்பத்திலிருந்து ரயிலேறி திருப்பதிக்கோ சென்னைக்கோ தரவு வேலைக்குப் போகும் நெசவாளர் வீட்டுப் பெண்களே, பணி ஆணையில் என்ன பதவி எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அலசல் வேலை வாங்கிக்கொண்டு என்ட்ரி சம்பளம் தருவது அநியாயம்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு (பி.எல்.எஃப்.எஸ்.) 2017 முதல் நடக்கிறது. மாதச் சம்பளக்காரர்களின் சராசரி வருமானத்தை மாநிலவாரியாக, ஆண் பெண் எனப் பிரித்து வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம். ஆந்திரம், தமிழ்நாடு இரண்டையும் பார்த்துவிட்டே சம்பளம் பேசப் போங்கள்.