1964 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் கீழ்நோக்குப் பனிச்சறுக்கு

1964 குளிர்கால ஒலிம்பிக்கின் ஆண்கள் கீழ்நோக்குப் பனிச்சறுக்குப் போட்டி 1964 சனவரி 30 அன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகருக்கு அருகிலுள்ள பாட்செர்கோஃபெல் மலையில் நடைபெற்றது. ஆஸ்திரியாவின் ஏகோன் சிம்மர்மான் 2 நிமிடம் 18.16 நொடிகளில் பாதையைக் கடந்து தங்கப் பதக்கம் வென்றார். பிரான்சின் லியோ லாக்ரோவா (2:18.90) வெள்ளியும், ஒன்றிணைந்த செருமானிய அணியின் வொல்ஃப்காங் பார்ட்டெல்ஸ் (2:19.48) வெண்கலமும் பெற்றனர்.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது இன்ஸ்புருக்கில்தான். இந்தியாவின் ஒரே வீரரான ஜெரமி புயாகோவ்ஸ்கி இப்போட்டியில் இறங்கினார். ஆனால் அவரால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை. போட்டிக்கு ஐந்து நாட்களுக்கு முன்னர் இதே பாதையில் பயிற்சியின்போது ஆஸ்திரேலிய வீரர் ரோஸ் மில்ன் உயிரிழந்தமையாலும் இப்போட்டி நினைவுகூரப்படுகிறது.

போட்டியின் இயல்பு

டவுன்ஹில் என அழைக்கப்படும் கீழ்நோக்குப் பனிச்சறுக்கு, மலைச்சரிவில் நடத்தப்படும் பனிச்சறுக்கு வகைகளுள் மிகவும் விரைவானது ஆகும். வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புறப்படுவர். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஓட்டம்தான். ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் ஆகிய வகைகளில் நெருக்கமாக நடப்பட்ட வாயில்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அங்கு இரண்டு ஓட்டங்களின் நேரம் கூட்டப்படும். கீழ்நோக்குப் போட்டியில் வாயில்கள் குறைவு, இடைவெளி அதிகம். எனவே வீரர் தம் வேகத்தைக் குறைக்கக் காரணமும் குறைவு.

பாட்செர்கோஃபெல் பாதையின் நீளம் 3,120 மீட்டர். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையேயான உயர வேறுபாடு 867 மீட்டர். சராசரிச் சரிவு ஏறத்தாழ 16 பாகை எனலாம். சிம்மர்மானின் சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ. ஆகும். உராய்வும் காற்றுத்தடையும் அறவே இல்லையெனில் 867 மீட்டர் இறங்கிய ஒரு பொருள் மணிக்கு 469 கி.மீ. வேகத்தை எட்டும் என்று ஆற்றல் அழியா விதி கூறுகிறது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாட்டை விழுங்குவன காற்றும், பனியின் உராய்வும், திருப்பங்களும் ஆகும். இவற்றுள் காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். இதனாலேயே வீரர்கள் முழங்காலை மடக்கி, மார்பைத் தொடையுடன் சேர்த்து, கைகளை முகத்திற்கு முன் நீட்டிக் குறுகிக் கொள்கின்றனர். முட்டை நிலை எனப்பட்ட இந்த இருப்பைப் புகழடையச் செய்தவர், 1960 ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வென்ற பிரெஞ்சு வீரர் ழான் வுவார்னே ஆவார்.

எடை மிகுந்த வீரருக்கு இங்கு ஓரளவு சாதகம் உண்டு. வெற்றிடத்தில் எல்லாப் பொருட்களும் ஒரே வேகத்தில் விழும் எனப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் தடை தரும் ஊடகத்தின் வழியே இறங்கும்போது எடை கணக்கில் வருகிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலூன்றி விரைவாக அடித்தளத்தை அடைந்தது இதற்கு ஒருவகையில் உறவுடைய எடுத்துக்காட்டு. நீரில் மிதப்பு விசையையும் வெல்ல வேண்டும் என்பது மட்டும் கூடுதல்.

முதலிரு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு 0.74 நொடி. சராசரி வேகத்தில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 17 மீட்டர் ஆகும்.

பனிப் பற்றாக்குறை

பாட்செர்கோஃபெல் மலையின் உயரம் 2,246 மீட்டர். உதகமண்டலமும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் உள்ளது. ஆயினும் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே அமைந்த உதகையில் புல்நுனியில் உறைபனி படிவதோடு குளிர்காலம் முடிந்துவிடுகிறது. 47 பாகையில் அமைந்த இன்ஸ்புருக்கில் மலை முழுதும் பனி மூடுவது வழக்கம். 1964இல் அந்த வழக்கம் பொய்த்தது. மலைச்சரிவுகளில் போதிய பனி இல்லாமையால் ஆஸ்திரிய இராணுவத்தினர் மேல்மலைகளிலிருந்து சுமார் 40,000 கன மீட்டர் பனியைப் பனிச்சறுக்குப் பாதைகளுக்குக் கொண்டுவந்து கொட்டினர். பாப்ஸ்லே, லூஜ் தடங்களுக்காக 20,000 பனிக்கட்டிப் பாளங்களும் எடுத்துவரப்பட்டன. இவ்வாறு செயற்கையாகப் பரப்பப்பட்ட பாதை குறுகலாக இருக்கும். அதன் ஓரத்தைத் தாண்டினால் பாறையும் மரமும்தான்.

ரோஸ் மில்னின் இறப்பு

கீழ்நோக்குப் போட்டியில் மட்டும் வீரர்கள் பந்தய நாளுக்கு முன்னர் அதே பாதையில் பயிற்சி ஓட்டங்களை மேற்கொள்வர். வேகம் மிகுதி என்பதால் பாதையை உடலால் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். 1964 சனவரி 25 அன்று நடந்த அத்தகைய பயிற்சியில் 19 வயதான ரோஸ் மில்ன் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதி இறந்தார். சில நாட்களுக்கு முன்னர் லூஜ் பயிற்சியில் பிரித்தானிய வீரர் ஒருவரும் உயிரிழந்திருந்தார்.

மில்னின் இறப்பிற்கு அவரது அனுபவக் குறைவு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து ஒலிம்பிக் அலுவலர்களிடையே எழுந்தது. ஆஸ்திரேலிய அணியின் மேலாளர் இதனை ஏற்கவில்லை. பாதையில் வீரர்கள் கூட்டமாக நின்றதால், நிற்பதற்கோ விலகித் திரும்புவதற்கோ ஆயத்தம் செய்யப்படாத ஓர் இடத்தில் மில்ன் வேகத்தைக் குறைக்க நேர்ந்தது என்று அவர் கூறினார். இவ்விரண்டு விளக்கங்களும் ஒன்றல்ல. முதலாவது, பனிச்சறுக்கு மரபு இல்லாத நாடுகளின் வீரர்கள் இப்பாதையில் இறங்கவே தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு இட்டுச் செல்கிறது. இரண்டாவது, பாதையை நடத்துவோரின் பொறுப்பைக் கேட்கிறது. மில்னின் தம்பி மால்கம் மில்ன் 1969இல் பிரான்சின் வால் டிசேர் நகரில் நடந்த உலகக் கோப்பைக் கீழ்நோக்குப் போட்டியில் வென்றார். மறு ஆண்டு உலக வாகையர் போட்டியில் வெண்கலமும் பெற்றார்.

ஜெரமி புயாகோவ்ஸ்கி

"அனுபவமற்ற நாடு" என்ற பட்டியலில் அன்று இந்தியாவும் இருந்தது. புயாகோவ்ஸ்கி 1939இல் அப்போதைய போலந்தில் பிறந்து, இளவயதில் குடும்பத்துடன் இந்தியாவுக்கு வந்தவர். அவருடைய பெற்றோர் 1934 முதல் 1936 வரை போலந்திலிருந்து சாங்காய் வரை மோட்டார் சைக்கிளில் பயணம் செய்தவர்கள். புயாகோவ்ஸ்கி பின்னர் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் பயின்றார்; பனிச்சறுக்கு அங்கு வலுவான கல்லூரி விளையாட்டு ஆகும். இமயமலையைக் கொண்ட நாட்டின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரர் ராக்கி மலைகளை நம்பியிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இன்ஸ்புருக்கில் முடிக்க இயலாத பந்தயத்தை 1968இல் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் அவர் முடித்தார். அப்போட்டியில் பிரான்சின் ழான்-குளோட் கில்லி, தம் நாட்டவரான கி பெரியாவை 0.08 நொடியில் வென்றார். தொலைவில் இது சுமார் இரண்டு மீட்டர். புயாகோவ்ஸ்கி 53ஆவது இடம் பெற்றார். அவ்வாண்டும் இந்தியாவின் ஒரே வீரர் அவரே.

பிந்தைய காலம்

பாட்செர்கோஃபெல் மலையில் 1976இலும் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிளாமர் 1 நிமிடம் 45.73 நொடிகளில் வென்றார். பாதை சற்றே மாற்றப்பட்டிருந்தாலும், சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ.இலிருந்து 103 கி.மீ. ஆக உயர்ந்தது பன்னிரண்டு ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டும்.

பின்வந்த இந்திய வீரர்கள் பெரும்பாலும் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் வகைகளையே நாடினர். 1988இல் கால்கரியில் சைலஜா குமார் பெண்கள் ஸ்லாலத்தில் 28ஆவதாக வந்தார். 2022இல் பெய்சிங்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற காசுமீரத்தின் ஆரிஃப் கான் ஜயண்ட் ஸ்லாலத்தில் 45ஆவது இடம் பெற்றார், ஸ்லாலத்தை முடிக்கவில்லை. இதற்குத் துணிவுக் குறைவு காரணமன்று. ஆண்கள் ஸ்லாலத்திற்கு ஏறத்தாழ 200 மீட்டர் உயர வேறுபாடு போதும். ஒலிம்பிக் தரத்திலான கீழ்நோக்குப் பாதைக்கு 800 மீட்டருக்கு மேல் வேண்டும். அத்தனை நீளத்திற்கும் சமன்செய்து இறுக்கிய பனியும், ஓரங்களில் பாதுகாப்பு வலையும், மீட்புப் பணியாளரும் வேண்டும்.

இந்தியாவில் குல்மார்க், அவ்லி ஆகிய இடங்களில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் மாதம் நடத்தப்பட்டன.