வேலையை விட்டாச்சு, கணக்கு என்னாச்சு?

எங்கள் திருவொற்றியூரில் என் அம்மா காலத்தில் ஆலைச் சங்கு ஊதினால்தான் உலை வைப்பார்கள். 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955-ல் வந்த என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று தெருவுக்குத் தெரு 'கம்பெனிக்கு'ப் போகிறவர்கள் இருந்தார்கள். இன்று பிள்ளைகள் இரண்டு வருஷம் இங்கே, மூன்று வருஷம் அங்கே என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மாறும்போது பின்னால் விட்டுவரும் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

என் கதையையே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு சிறிய பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு நின்றார். கேட் பாஸ், அடையாள அட்டை, லாக்கர் சாவி எல்லாம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

"எல்லாம் முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது. டீ போடு."

நானும் நம்பிவிட்டேன். பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட பி.எஃப். பணம் எடுக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் வேலையை விட்ட தேதியைப் பட்டறையில் பதியவே இல்லை! ஏட்டில் அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். போதாததற்கு, ஆதாரில் இருந்ததோ தூக்கிப் போட்ட சிம்மின் நம்பர். ரகசிய எண் அதற்குத்தான் போகும். பெட்டிக்குள் பணம், சாவி கிணற்றில் என்ற கதைதான்.

நல்லவேளை, 2020 ஜனவரியிலிருந்து வேலையை விட்ட தேதியைத் தொழிலாளியே பி.எஃப். இணையதளத்தில் பதியலாம். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிய வேண்டும். ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிட்டு அதைச் செய்தோம். ஆனால் ஃபீஸ் கட்டும் நாள் காத்திருக்குமா? என் வளையல் அடகுக்குப் போயிற்று.

எங்கள் தெரு அக்கா ஒருவர் பட்டதோ இதைவிட அதிகம். கணவர் திடீரென்று இறந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் எழுதிய படிவத்தில் வாரிசாக இருந்தது அவருடைய அம்மாவின் பெயர். கல்யாணமானதும் பழைய நியமனம் செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்பது விதி. அதை யாரும் சொல்லவில்லை. துக்கத்தோடு துக்கமாக, கைக்குழந்தையுடன் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தார்.

ஆகவே சகோதரிகளே, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

* 2014 முதல் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண் உண்டு. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. புது இடத்தில் பழைய எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டு டைரியிலும் எழுதி வையுங்கள்.

* வேலையை விட்ட தேதி பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பதிவான தொலைபேசியிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை, இருப்பு எல்லாம் வந்துவிடும்.

* அவசரப்பட்டு மொத்தமாக எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பத்து வருஷ சேவை சேர்ந்தால் 58 வயதில் மாதா மாதம் பென்ஷன் வரும். நடுவில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் பழைய வருஷங்கள் கணக்கில் சேராது.

* வாரிசுதாரர் பெயரைச் சரிபாருங்கள்.

* இ.எஸ்.ஐ.யில் ஐந்து வருஷமாவது இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கொரு சிறு தொகை கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாவியைக் கொடுத்து, அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டுதானே வருகிறோம்? வேலையை விடுவதும் அப்படித்தான். இன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது மெதுவாகக் கேளுங்கள்: "ஏங்க, அந்தப் பழைய கம்பெனிக் கணக்கு என்னாச்சு?"