கூடப் படிப்பவர்கள் காட்டும் கண்ணாடி

ஜூன், ஜூலை மாதங்களில் காலை நேரத்தில் அண்ணா மேம்பாலம் பக்கம் போய்ப் பாருங்கள். (பெயர் என்ன மாறினாலும் நமக்கு அது ஜெமினி பாலம்தான்.) அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அப்பா அம்மாக்கள் கொஞ்சம் தள்ளி நிழல் தேடி நிற்பார்கள். அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் எல்லாம் ஒரே விஷயம்தான். எந்த பேங்க், எத்தனை சதவீத வட்டி, யார் பெயரில் இருக்கும் ஃபிளாட்டின் பத்திரத்தை வைத்தது.

சும்மா இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. படிக்கக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 75,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் 60 லட்சத்துக்கு மேல். இது ஓர் ஆண்டுக்கு. தங்குவது, சாப்பிடுவது, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. மயிலாப்பூரிலோ அடையாறிலோ தாத்தா கட்டிய வீட்டை அடமானம் வைத்துத்தான் பல குடும்பங்கள் இதைத் துணிகின்றன.

இவ்வளவு கொட்டிக் கொடுத்து அங்கே எதை வாங்குகிறோம்? அக்கவுன்டிங், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் என்றால் அதே பாடப்புத்தகங்கள் இங்கேயும் கிடைக்கின்றன. சொல்லிக்கொடுக்க நம் ஐ.ஐ.எம்.களும் இருக்கின்றன. கல்லூரியின் பெயர், வேலை, சம்பளம் என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் படித்துவிட்டு வந்த யாரையாவது உட்காரவைத்துக் கேளுங்கள். பேராசிரியர் பெயர் மறந்திருக்கும். கூடப் படித்த கொரியாக்காரர், நைஜீரியாக்காரர், எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசிய அமெரிக்கப் பெண் எல்லாம் நினைவில் இருப்பார்கள். அந்தப் பெண் ஒருநாள் தன்னைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதும் அட்சரம் பிசகாமல் நினைவில் இருக்கும்.

இதற்கு நம் தி.நகரிலிருந்தே ஒரு கதை இருக்கிறது.

பெப்சிகோ நிறுவனத்தை 2006 முதல் 2018 வரை நடத்திய இந்திரா நூயி இங்கே பிறந்து வளர்ந்தவர். படித்தது தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட்டில். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா ஒரு போட்டி வைப்பாராம். நீ பிரதமரானால் என்ன செய்வாய், முதலமைச்சரானால் என்ன செய்வாய் என்று கேட்டு, இந்திராவையும் அக்கா சந்திரிகாவையும் பேசவைப்பார். யார் பேச்சு நன்றாக இருந்தது என்று கடைசியில் அம்மாவே தீர்ப்பு சொல்வார். (அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் படித்து, மெக்கின்சியில் வேலை பார்த்து, 2025-ல் கிராமி விருதே வாங்கிவிட்டார்.) பிறகு தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி. பெண்கள் மட்டுமே இருந்த ஒரு ராக் இசைக்குழுவில் கிட்டார், கல்லூரி மைதானத்தில் கிரிக்கெட். அதன்பின் ஐ.ஐ.எம். கல்கத்தா. பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சனில் வேலை பார்த்தபோது, சானிட்டரி நாப்கினுக்கு விளம்பரம் செய்யவே கூச்சப்பட்ட காலத்தில், கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவிகளிடம் பேசியவர்.

1978-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அவருக்கு வயது 22. கையில் ஏற்கெனவே ஒரு மேனேஜ்மென்ட் பட்டம், கொஞ்சம் வேலை அனுபவம், அம்மாவின் சாப்பாட்டு மேஜையில் பழகிய பேச்சு. இனி கற்க என்ன பாக்கி என்று தோன்றும்.

யேலின் அந்த பிசினஸ் ஸ்கூல் அப்போது ஆரம்பித்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. பெயரே வித்தியாசம்: ஸ்கூல் ஆஃப் ஆர்கனைசேஷன் அண்ட் மேனேஜ்மென்ட். அங்கே தந்தது எம்.பி.ஏ. பட்டமும் கிடையாது, அரசு, தனியார் இரண்டு துறை நிர்வாகத்துக்கும் சேர்த்த ஒரு முதுகலைப் பட்டம். அதனால் பெரிய கம்பெனிக்குப் போக நினைத்தவரும், அரசாங்க வேலையை நினைத்தவரும், தொண்டு நிறுவனம் நடத்த நினைத்தவரும் ஒரே பெஞ்சில். முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் தேறியாக வேண்டிய பாடங்களில் ஒன்று, அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுவது, பேசுவது. பேச்சுக்கு அவ்வளவு முக்கியத்துவம் தராத சூழலிலிருந்து வந்த தனக்கு அந்தப் பாடம் மிகவும் பயன்பட்டது என்று பின்னாளில் நூயி சொல்லியிருக்கிறார்.

ஆரம்ப நாட்கள் சுலபமாக இல்லை. சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். பீட்ஸாவைத் தொட மனசு வராத அவருக்கு, அதன் மேல் மிளகாய்த் தூளைத் தூவிச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுத்தவர் ஈரானிலிருந்து வந்த ஒரு மாணவர். செலவுக்காக விடுதி வரவேற்பறையில் நள்ளிரவு முதல் விடியும்வரை வேலை. ராத்திரி ஷிஃப்டுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதல் என்பதுதான் காரணம். கிரிக்கெட் இல்லாத ஊரில் பேஸ்பால் பார்க்கப் பழகினார். அந்த வருடம் நியூயார்க் யாங்கீஸ் அணி பின்தங்கிக் கிடந்து, கடைசியில் எழுந்து வந்து கோப்பையை வென்றது. மறுநாள் காலையில் சக மாணவர்களோடு பேச அவருக்கும் ஒரு விஷயம் கிடைத்தது.

பிறகுதான் அந்தப் பிரபலமான கோட்டு சூட்டுக் கதை. கோடைக்கால வேலைக்கு நேர்காணல். சேர்த்து வைத்த 50 டாலரைக் கொடுத்து ஒரு பேன்ட் சூட் வாங்கினார். போட்டுப் பார்த்து வாங்கவில்லை. உடம்புக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. நேர்காணலுக்குக் காத்திருந்த அறையில் மற்ற மாணவர்கள் நேர்த்தியான உடையில் உட்கார்ந்திருக்க, இவர் நுழைந்ததும் பார்த்த பார்வையை அவர் மறக்கவே இல்லை. வேலைவாய்ப்புப் பிரிவின் பெண் அதிகாரியிடம் போய் அழுதபோது, அவர் கேட்ட கேள்வி சின்னது. உங்கள் ஊரில் நேர்காணலுக்கு என்ன உடுத்துவாய்? புடவை. அப்படியானால் அடுத்த முறை அதையே உடுத்திக்கொண்டு போ. அடுத்த நேர்காணல் பூஸ் ஆலன் என்ற கன்சல்டிங் கம்பெனியில். புடவையோடு போனார், வேலை கிடைத்தது.

மேடைகளில் இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும். ‘நீ நீயாக இரு’ என்று கைதட்டும் வாங்கிவிடும். மீதிக் கதையை நூயி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிகாகோவில் அந்தக் கோடை முழுக்கப் புடவையோடுதான் ஆபீஸ் போனார். ஆனால் வாடிக்கையாளரைச் சந்திக்க மற்றவர்கள் போனபோது இவரை அழைத்துப்போகவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் புடவை அவ்வளவு அந்நியம். அதை அப்போது தான் ஏற்றுக்கொண்டதாகவும் சொல்கிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்தப் பகுதிதான். நம்மை நாம் எப்படி நினைக்கிறோம், அடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை 23 வயதில் அளந்து பார்த்திருக்கிறார்.

அந்தத் தூரத்தைத் தற்செயலுக்கு விடாமல் பாடமாகவே நடத்தும் கல்லூரிகள் இன்று இருக்கின்றன. ஹார்வர்டில் ஒரு பிரிவுக்கு 90 பேர் அளவில் இருப்பார்கள். முதல் வருடம் முழுக்க அதே 90 முகங்கள். வகுப்பில் வாயைத் திறந்து பேசுவதற்கே கணிசமான மதிப்பெண். நம் பிள்ளைகளில் பலர் தடுமாறுவது முதலில் இங்கேதான். ஸ்டான்ஃபோர்டில் ‘டாக்’ என்று ஒரு வழக்கம்: ஒரு மாணவர் எழுந்து, தான் வளர்ந்த கதையைச் சக மாணவர்களுக்கு மனம்விட்டுச் சொல்வார். அப்பா திவாலானது, அண்ணன் இறந்தது என்று எதுவும் வரலாம். வேலை தேடும் பேச்சு அங்கே கிடையாது.

அதே ஸ்டான்ஃபோர்டில் ‘இன்டர்பெர்சனல் டைனமிக்ஸ்’ என்று ஒரு விருப்பப் பாடம் உண்டு. மாணவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘டச்சி ஃபீலி’. ஒரு டஜன் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் நேருக்கு நேர் பேச வேண்டும். அவ்வளவுதான் பாடம். அங்கே அதிகம் விரும்பி எடுக்கப்படும் பாடங்களில் இது ஒன்று.

இதன் வேர் 1946-ல் இருக்கிறது. ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்காவுக்கு வந்துவிட்ட யூத உளவியல் அறிஞர் கர்ட் லெவின், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். நூயி படித்த யேலும் அதே மாநிலத்தில்தான். இன, மத வேற்றுமையைக் குறைப்பது எப்படி என்பது முகாமின் நோக்கம். பகலில் பயிற்சி. சாயங்காலம் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, இன்று யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளை அலசுவார்கள். ஒருநாள் பயிற்சிக்கு வந்த சிலர், நாங்களும் கேட்கலாமா என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தங்களைப் பற்றியே பேச்சு ஓடியதும், நான் அப்படி நடக்கவே இல்லையே என்று ஒருவர் மறுக்க, ஆய்வாளர் பதில் சொல்ல, இன்னொருவர் சேர்ந்துகொள்ள, அறை சூடானது. லெவினுக்கு மகிழ்ச்சி. பகல் முழுக்க நடந்த பயிற்சியைவிட இந்த அரை மணியில் அதிகம் கற்கிறார்கள் என்று புரிந்தது. அடுத்தடுத்த மாலைகளில் கூட்டம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லெவின் இறந்துவிட்டார். அந்த முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஸ்டான்ஃபோர்டு வகுப்பில் ஒரு விதி உண்டு. வீட்டிலும் உதவும் என்பதால் சொல்கிறேன். டென்னிஸ் ஆட்டத்தில் நடுவே வலை இருக்கிறது அல்லவா, பேச்சிலும் அப்படி ஒரு வலை இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். என் பக்கம் இருப்பது நான் கண்ணால் பார்த்ததும் என் மனசில் பட்டதும். உன் மனசுக்குள் இருப்பது உன் பக்கம். வலையைத் தாண்டி நான் வரக்கூடாது. ‘உனக்குத் திமிர்’ என்றால் தாண்டிவிட்டேன். ‘நான் பேசும்போது நீ மூன்று தடவை போனைப் பார்த்தாய், எனக்கு அவமானமாக இருந்தது’ என்றால் என் பக்கமே நிற்கிறேன். முதல் வாக்கியத்துக்குச் சண்டைதான் பதில். இரண்டாவதை மறுக்க வழியில்லை. மாமியார் மருமகளில் ஆரம்பித்து, பிளஸ் டூ படிக்கும் பையனின் அப்பா வரை யாரும் இன்று ராத்திரியே முயன்று பார்க்கலாம்.

நமக்கு இது ஏன் கஷ்டம்? விமர்சனம் செய்யத் தெரியாதவர்களா நாம்! டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபா கேன்டீனில் உட்கார்ந்து பாருங்கள். அடை அவியல் முடிவதற்குள் பாடகரின் சுருதி, தாளம், புடவைக் கலர் எல்லாம் அலசப்பட்டுவிடும். அதே பாடகர் எதிரே வந்தால் ‘பிரமாதம்!’ ஒன்றுதான். முகத்துக்கு நேரே சொல்வதை நாம் மரியாதைக் குறைவாகவே வைத்திருக்கிறோம். இப்படி வளர்ந்த பிள்ளை, பள்ளியில் ஃபர்ஸ்ட் ரேங்க், காலேஜில் கோல்டு மெடல் என்றே கேட்டுப் பழகிய பிள்ளை, அங்கே போய் முதல் மாதமே ‘நீ மற்றவர்களைப் பேசவிடுவதில்லை’ என்றோ, ‘நீ இந்த க்ரூப்பில் இருப்பதே தெரியவில்லை’ என்றோ கேட்டால் நொறுங்கிப்போகும். நொறுங்கியதை வீட்டில் சொல்லாது. கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்களே.

அப்படி அடிபட்டவர்கள் ஓடி ஒளிய ஓர் இடம் உண்டு. நான்கு சென்னைப் பையன்கள், ஒரே அபார்ட்மென்ட், ஊரிலிருந்து கொண்டுபோன சாம்பார்ப் பொடி, வார இறுதியில் தமிழ்ப் படம். வகுப்பு முடிந்ததும் நேரே அங்கே. சாம்பாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பனிக்காலத்தில் அது மருந்து. ஆனால் இரண்டு வருடமும் அந்த அறையிலேயே முடிந்தால், வீட்டை அடமானம் வைத்தது வேளச்சேரியில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

நூயியும் தன் கல்லூரியை மறக்கவில்லை. 2016-ல் யேல் பிசினஸ் ஸ்கூலின் டீன் பதவிக்கு நிரந்தர நிதி வைத்தார். உலகின் முன்னணி பிசினஸ் ஸ்கூல் ஒன்றில் அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான்.

இங்கே இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாட்ஸ்அப் காலில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. சாப்பிட்டாயா, மார்க் என்ன, இன்டர்ன்ஷிப் கிடைத்ததா என்று வரிசையாகக் கேட்ட பிறகு, உன் க்ரூப்பில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் உன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள். வருகிற பதில் சங்கடமாக இருந்தால், அந்தக் கல்லூரியின் மேலோ, அந்த அமெரிக்கப் பெண்ணின் மேலோ உடனே பாயாமல் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஆகஸ்டில் விமானம் ஏறப் போகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல். பெட்டியில் நல்ல புடவையோ வேட்டியோ ஒன்று இருக்கட்டும். கூடவே உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் சூட் ஒன்றும் இருக்கட்டும். பாண்டி பஜாரில் தைக்கக் கொடுப்பதானால் இப்போதே கொடுத்துவிடுங்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வந்துவிட்டால் டெய்லர் கையில் சிக்க மாட்டார். வாங்கும்போது கட்டாயம் போட்டுப் பாருங்கள். கூட ஒரு நண்பரையும் அழைத்துப் போங்கள், முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவராகப் பார்த்து.