நொய்யல் கரையில் ஒரே இடம், ஒரே கோணம்: திருப்பூருக்கு இந்த போட்டோ ஏன் தேவை?

'5 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்' என்று போன் கேலரி அவ்வப்போது ஒரு படத்தை எடுத்து நீட்டும். பெரும்பாலும் கல்யாணம், டூர், ஆபீஸ் ட்ரீட். தினமும் வண்டியில் கடக்கிற பாலத்தின் படம் அதில் வராது. தினமும் பார்க்கிறதை யார் போட்டோ எடுப்பாங்க? சிக்கலே அங்கேதான். மெதுவாக மாறுகிற எதையும், தினமும் பார்க்கிறவர் கண் கவனிப்பதில்லை.

கடலோர ஊர்களில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், சிட்னியின் மேன்லி கடற்கரையில் 2017-ல் 'கோஸ்ட்ஸ்னாப்' என்ற திட்டம் தொடங்கியது. கரையோரமாக போனை வைக்க ஒரு தாங்கி, அவ்வளவுதான். போகிற வருகிற யாரும் அதில் போனை வைத்துப் படம் எடுத்து அனுப்பலாம். எல்லாப் படங்களும் ஒரே கோணம் என்பதால், கரை எத்தனை மீட்டர் உள்வாங்கியது, எப்போது திரும்பி வந்தது என்று ஆய்வாளர்கள் அளந்துவிடுகிறார்கள். யோசனை ஒன்றும் புதிதல்ல. ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை 1880-களின் கடைசியிலேயே இப்படி ஒரே இடத்திலிருந்து படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடலே இல்லாத ஊரில் ஏது கரை?

திருப்பூரில் கடல் இல்லை. ஆனால் நொய்யல் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு வழியாக கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. பனியன் கம்பெனிக்குப் போகிற ஆயிரக்கணக்கானவர்கள் வளர்மதி பாலத்தில் தினமும் அதைக் கடக்கிறார்கள். எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

கரையோரக் கிராமங்களில் வயதானவர்களிடம் கேட்டால், "அப்பெல்லாம் இங்கதானுங்க குளிப்போம், மாடு கழுவுவோம்" என்பார்கள். இன்று 35 வயதில் இருப்பவருக்கு நொய்யல் என்றால் சாயத் தண்ணீர். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அது ஒரு சாக்கடை. மூன்று பேர் சொல்வதும் பொய்யில்லை. அவரவர் சின்ன வயதில் பார்த்த ஆறுதான் அவரவருக்கு 'இயல்பான' ஆறு. டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995-ல் இதற்கு 'ஷிஃப்டிங் பேஸ்லைன்' என்று பெயர் வைத்தார். அதாவது, ஒப்பிடுவதற்கான தொடக்கக் கோடே தலைமுறைக்குத் தலைமுறை நகர்ந்துவிடுகிறது. அப்பா இழந்ததை மகன் இழப்பாகவே உணர்வதில்லை.

நகராத கோடு ஒன்று வேண்டும் என்றால், தேதி போட்ட ஒரு படம் அதற்கு உதவும். ஓரளவுக்கு. ஏன் 'ஓரளவுக்கு' என்பதற்கு திருப்பூரை விட நல்ல உதாரணம் கிடையாது.

கேமரா பார்க்காத உப்பு

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். லிட்டருக்கு 50, 60 கிராம் வரைகூடப் போகும். துணியில் ஒட்டாத சாயம்தான் ஆற்றில் சிவப்பாகவும் கறுப்பாகவும் ஓடியது. அது படத்தில் விழும். கூடவே ஓடிய உப்பு எந்தப் படத்திலும் விழாது.

ஒரத்துப்பாளையம் அணையின் கதை இதுதான். பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகின. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு என்று வந்தபோது, பட்டியலில் 28 ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்கள் இருந்தன. நீதிமன்ற உத்தரவுகள் நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. அதன்பிறகுதான் 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்' உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தை எவாபரேட்டரில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறை அது. செலவு பிடித்த வேலைதான். ஆனாலும் ஊர் அதைச் செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

நிறம் குறைந்தது. படங்களை வரிசையாக வைத்தால் ஆறு 'தேறிவிட்டது' என்றே தோன்றும். ஆனால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பு நிறத்தோடு சேர்ந்து போய்விடாது. ஊர்ச் சாக்கடையும் ஆற்றில்தான் கலக்கிறது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை போகலாம். 400 இருக்கிற தண்ணீரும் 4,000 இருக்கிற தண்ணீரும் போட்டோவில் ஒரே மாதிரிதான் மினுங்கும்.

டிடிஎஸ் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிறது. எடுக்கிற படத்தின் ஓரத்தில் அந்த மீட்டரின் எண்ணும் விழுந்தால், கண் பார்க்காததையும் படம் சொல்லும்.

ஷேடு தெரிந்தவர்களுக்குச் சுலபம்

மெர்ச்சண்டைசர், குவாலிட்டி வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. டியூப் லைட்டில் ஓகே ஆன லேப் டிப், வெயிலில் வேறு ஷேடு காட்டும். அதனால்தான் லைட் பாக்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். ஆறும் அப்படித்தான். காலை 7 மணி நொய்யலும் மாலை 5 மணி நொய்யலும் ஒரே நிறத்தில் இருக்காது.

அதனால் மாதம் ஒருமுறை, ஒரே நேரம். பாலத்தின் கைப்பிடியில் ஒரே கம்பிக்குப் பக்கத்தில் நின்று, ஜூம் இல்லாமல், பாலத்தின் தூணோ கரையில் ஒரு கட்டடமோ எப்போதும் படத்துக்குள் வருகிற மாதிரி எடுக்க வேண்டும். ஃபில்டரும் ஏஐ அழகூட்டலும் வேண்டாம். பல போன்கள் தண்ணீரைக் கண்டதும் தானாகவே நீலத்தைக் கூட்டிவிடும். சாம்பல் நிற ஆறு கேலரியில் சுற்றுலாத் தலம் ஆகிவிடும். ஒரு துண்டு வெள்ளை பனியன் துணியைப் படத்தின் மூலையில் பிடித்தால் போதும், நிறம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பின்னால் கண்டுபிடிக்கலாம். திருப்பூரில் வெள்ளைத் துணிக்கா பஞ்சம்!

மழை நாளைத் தவறவிடக் கூடாது. மழைத் தண்ணீரோடு கழிவைக் கலந்து விடுகிறார்கள் என்ற புகார் இங்கே அடிக்கடி எழுவதுதான். முதல் நாள், மழை நாள், மறுநாள் என்று மூன்று படங்கள் இருந்தால், வழக்கமான நிறம் எது, திடீர் நிறம் எது என்று பிரித்துச் சொல்ல முடியும். தனியாக ஒரு படம் வைரல் ஆகும்; வேறொன்றும் ஆகாது.

புகார் கொடுக்கிற எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக போட்டோ அனுப்பினால் அளவு சுருங்குவதோடு, படத்துக்குள் பதிவாகியிருக்கும் நேரம், இடம் போன்ற விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அவை தங்கும். ஒரிஜினல் ஃபைலை அழிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்க சான்றிதழ் கேட்கிறது. எந்தச் சாதனத்தில் எடுத்தது என்பதைச் சொல்ல முடிய வேண்டும்.

பழைய படத்துக்கு எங்கே போவது?

கூகுள் எர்த்தின் 'டைம்லாப்ஸ்' 1984 முதலான செயற்கைக்கோள் படங்களைக் காட்டுகிறது. ஒரத்துப்பாளையத்தைத் தேடி ஓடவிட்டால், அணையே இல்லாத காலத்திலிருந்து பார்க்கலாம். வீட்டு ஆல்பங்களும் இருக்கின்றன. ஆற்றங்கரைக் கோயில் விசேஷத்தில் எடுத்த குரூப் போட்டோவில், மாமாவின் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிற தண்ணீரை இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆற்றில் தொடங்கத் தயக்கம் என்றால் ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலம். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகிற குளம். அங்கே எல்லார் லென்ஸும் பறவை மேல்தான் இருக்கும். குளக்கரையில் நின்று, பறவை இல்லாத ஒரு படமும் எடுத்து வைக்கலாம்: நீர் எதுவரை, ஆகாயத்தாமரை எதுவரை, வீடுகள் எதுவரை. அடுத்த டிசம்பரில் அதே இடத்தில் இன்னொன்று.