பிள்ளைகள் கையில் எந்த நூல்?

பள்ளி நூலகத்தில் காம வர்ணனை மிகுந்த நூல் ஒன்று இருந்து, அது சிறுபிள்ளையின் கைக்கு வந்துவிட்டால் பழி யாரைச் சாரும்? எழுதியவரையா, வாங்கி அடுக்கியவரையா, வீட்டிலுள்ள பெரியவர்களையா? பேரப்பிள்ளை கொண்டுவரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மனம் பதறும் அன்பர்கள் பலர். அப்பதற்றம் நியாயமானதே.

ஆபாச நூல் விற்பதைப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 292-ஆம் பிரிவில் குற்றமாக்கியது. இளையோருக்குக் கொடுப்பவருக்கு 293-ஆம் பிரிவில் தண்டனையைக் கூட்டியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 294, 295 என்று தொடர்கின்றன. அச்சட்டமே ஒரு விலக்கும் அளிக்கிறது: கோயிலிலும், சுவாமி எழுந்தருளும் தேரிலும் உள்ள சிற்பங்களை அது தீண்டாது. குழந்தையைத் தோளில் சுமந்து அத்தேரைத் தரிசித்தவர்கள்தாமே நாம்! ஆகவே உருவம் மட்டும் குற்றமன்று. அது எங்கே, எதன் பொருட்டு, யார் கையில் என்பதும் கேட்கப்படுகிறது.

திருக்குறளையே எடுத்துக்கொள்வோம். வீரமாமுனிவர் 1730-இல் அதை இலத்தீனில் பெயர்த்தபோது அறம், பொருள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஜி.யு. போப் 1886-இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் தந்தார். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்களைக் கற்பிக்குமாறு கூறியது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் அதில் இல்லை. இது சரியென்றே தோன்றுகிறது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒருசேர உட்கார்ந்து படிப்பது வேறு, நூலகத்தில் ஒருவர் தாமே தேடி எடுப்பது வேறு. ஆனால் நூலகத்திலுள்ள குறள் புத்தகத்திலிருந்து அந்த 25 அதிகாரங்களைக் கிழித்தெறியச் சொன்னால் நம்மில் யார் சம்மதிப்போம்?

ஆண்டாள் நாச்சியார் அருளியவையும் இரண்டு. திருப்பாவையின் 30 பாசுரங்களை மழலை மாறாத குழந்தைகளுக்கு மார்கழியில் சொல்லிக் கொடுக்கிறோம். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் வாரணமாயிரம் திருமணத்தில் ஒலிக்கிறது. உடலின் ஏக்கத்தை வெளிப்படையாகச் சொல்லும் மற்றப் பாசுரங்களைக் குழந்தைகளிடம் எவரும் முதலில் கொடுப்பதில்லை. அதற்காக நாலாயிரத்திலிருந்து அவற்றை நீக்கவும் இல்லை. பெரியவாச்சான் பிள்ளை அவற்றுக்கும் உரை வரைந்தார். பக்குவம் வந்தவர் ஆசாரியரிடம் கேட்டு அறிந்தனர்.

கொடுக்கும் கைக்கே பொறுப்பு அதிகம் என்று இதிலிருந்து கொள்ளலாம். பட்டியலைப் பார்த்து மட்டும் நூல்களை வாங்கி, ஒன்றையும் படிக்காமல் ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் ஒரே அலமாரியைத் திறந்துவிடுபவர் தம் கடமையைத் தவறவிட்டவரே. நூலைப் படிக்காமல், எங்கோ கேட்ட இரண்டு வரியை வைத்துக்கொண்டு அதைக் கொளுத்தச் சொல்பவரும் அப்படியே. (இந்த இரண்டாம் கூட்டத்தில் நம் வயதினரே அதிகம்.) கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நூலகத்தை மட்டும் காவல் காப்பதும் விந்தை.

மனத்தை உறுத்தும் புத்தகம் வீட்டுக்கு வந்தால் முதலில் முழுவதையும் நாமே படிக்க வேண்டும். பிறகு பிள்ளையிடம், "இதில் என்ன புரிந்தது, கண்ணா?" என்று கடுமையின்றிக் கேட்கலாம். அந்த வயதுக்கு அது ஏற்றதன்று எனத் தெளிந்தால், எந்தப் பக்கம், எதனால் என்று குறித்துக்கொண்டு நூலகப் பொறுப்பாசிரியரை நேரில் காண்க. பிள்ளையை உடன் அழைத்துச் செல்ல வேண்டாம்.