இளமை மாத்திரையும் சின்ன வெங்காயமும்

மஞ்சள், திராட்சைத் தோல், வெங்காயம் என்று ஏதாவது ஒன்றின் சாரத்தைக் குப்பியில் அடைத்து, 'செல்களின் முதுமையைத் தடுக்கும்' என்று விற்கிறார்கள். இந்த விளம்பரத்துக்குப் பின்னால் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், கல்லீரலும் தப்பும்.

தேங்கிப்போகும் செல்கள்

மனிதத் திசுவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961-இல் காட்டியவர் அமெரிக்க அறிவியலாளர் லியோனார்ட் ஹேஃப்ளிக். ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் முனையிலுள்ள டெலோமியர் கொஞ்சம் குறைகிறது. மரபணுவில் சேதம் ஏற்பட்டாலும் செல் இப்படி நின்றுபோகலாம்.

இளம் வயதில் நோய் எதிர்ப்பு மண்டலம் இப்படி நின்றுபோன செல்களை அப்புறப்படுத்திவிடும். வயது ஏற ஏற அந்தத் துப்புரவு மந்தமாகிறது. தேங்கிய செல்கள் சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன.

எலியிடம் பலித்தது

வெங்காயத்தில் நிறைய உள்ள குவெர்செட்டினை, டசாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகளின் உடலில் இப்படித் தேங்கிய செல்கள் குறைந்தன. 2015-இல் வந்த ஆய்வு இது. 2018-இல் ஃபிசெட்டின் என்ற இன்னொரு தாவரப் பொருள், வயதான எலிகளின் ஆயுளைக் கூட்டியதாகச் செய்தி வந்தது. ஆனால் அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட சோதனையில் ஃபிசெட்டின் எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை.

அளவையும் பாருங்கள். ஃபிசெட்டின் அதிகமுள்ள பழம் ஸ்ட்ராபெர்ரி. ஒரு கிலோவில் சுமார் 160 மில்லிகிராம்தான் இருக்கிறது. மனிதர்களிடம் நடக்கும் சோதனைகளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிகிராம் தருகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர் பழத்தில் அதைப் பெற, ஒரே நாளில் ஏழரை கிலோ தின்ன வேண்டும்! மருந்து அளவில் கொடுத்துக் கண்ட பலனைப் பழத்தின் பலனாகச் சொல்வது தவறு.

மஞ்சளோடு மிளகு சேர்ந்தால்

மஞ்சளில் குர்குமின் என்ற தாவரப் பொருள் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்நியப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் தடுப்பதே காரணம். இதே காரணத்தால் வலிப்புக்குத் தரும் பெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம்.

குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் எந்தக் கெடுதலும் செய்யாது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை அப்படியல்ல. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள்.

பின்லாந்து தந்த பாடம் இதைவிடக் கடுமையானது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை அங்கே புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

தட்டில் என்ன இருக்கட்டும்?

சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா. வெங்காயத்தின் வெளி அடுக்குகளில்தான் குவெர்செட்டின் மிகுதி. காய்ந்த தோலை மட்டும் மெல்லியதாக உரியுங்கள். காய்கறி, பழம் இரண்டும் சேர்ந்து தினமும் 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சர்க்கரை, வலிப்பு, ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் மூலிகை மாத்திரை எதையும் தொட வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்களா? சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, உடம்பு அரித்தாலோ, பசி மந்தித்தாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்தக் குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.